போறதுக்கு 20 நாள் முன்னமே சொல்லியிருக்கு: படுவான்கரையில ஒரு தேனீப்பெட்டி காலியான கேஸ்

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு எண்டு சொல்லிச் சொல்லியே வளர்ந்த நாங்க, ஆனா வளவுக்குள்ள தேனீப்பெட்டி வைச்சிருந்த ஒரு மனுசரையும் எங்கட ஊர்ல நான் கண்டதில்ல. தேன் எண்டா காட்டுத்தேன்தான். வாகரைப் பக்கத்தால இல்லாட்டி உன்னிச்சைப் பக்கத்தால சைக்கிள்ல போத்தல் கட்டிக்கொண்டு வருவாங்க, போத்தலுக்குள்ள மேல ஒரு தேன்வதைத்துண்டு மிதக்கும், அம்மா நெருப்புக்குச்சியைத் தேன்ல தோய்ச்சு உரசிப் பார்ப்பா, பத்தினா நல்ல தேன், பத்தாட்டி விக்க வந்த ஆளுக்கு நல்ல ஏச்சு. அவ்வளவுதான் எங்களுக்கும் தேனுக்கும் இருந்த தொடர்பு.

நான் கட்டார்ல 6 வருசம் நிண்டுட்டு வந்த ஆள். அங்க வெள்ளிக்கிழமை லீவுக்கு ரூம்ல படுத்துக்கிடந்து பார்த்த யூடியூப்தான் தேனீ விசயத்தில என்ட முதல் வாத்தியார். எல்லாப் பிழையும் அங்கதான் தொடங்கிச்சு எண்டு இப்ப விளங்குது. இத எழுதுறது ஆரையும் பயப்படுத்த இல்ல, என்ட முதல் பெட்டி ஏன் காலியாச்சு, ரெண்டாவது பெட்டி ஏன் நிண்டுச்சு எண்டு ஒரு கேஸ் மாதிரி தேதியோட எழுதி வைச்சா இன்னொருவருக்கு ஒரு வருசம் மிச்சமாகும் எண்டுதான்.

முதல்ல அந்த வீடியோவில வாற தேனீயைப் பத்தி. அது மெலிஃபெரா, ஐரோப்பாத் தேனீ. இலங்கையில நாங்க பெட்டியில வளர்க்கிறது அது இல்ல, செரானா, மரப்பொந்துக்குள்ளயும் கறையான் புத்துக்குள்ளயும் அடுக்கடுக்காக் கட்டுற நம்மட தேனீ. இதவிட நாட்டுல இன்னும் மூணு சாதி இருக்கு, பெரிய மரத்திலயும் பாறையிலயும் ஒரே வதையாத் தொங்கிற மலைத்தேனீ, அதத்தான் சிங்களத்தில பம்பரா எண்டு சொல்ற, பத்தைக் கொப்புல உள்ளங்கை அளவு வதை கட்டுற கொம்புத்தேனீ, சுவர் வெடிப்புக்குள்ள இருக்கிற கொட்டாத கொசுத்தேனீ. இதுகள்ல மலைத்தேனீயையும் கொம்புத்தேனீயையும் பெட்டியில போட ஏலாது. செரானா போடலாம், ஆனா அதுக்கு மெலிஃபெராக்கு இல்லாத ஒரு குணம் இருக்கு. சாப்பாடு இல்லாட்டி, கரைச்சல் குடுத்தா, மெலிஃபெரா பெரும்பாலும் அந்த இடத்திலயே கிடந்து சாகும். செரானா சாமானைக் கட்டிக்கொண்டு போயிரும். இந்த ஒரு வசனத்தை எனக்கு ஆராச்சும் முதல்ல சொல்லியிருந்தா இந்தக் கதையே இல்ல.

முதல் பெட்டி

பெட்டி செய்தது எங்கட ஓடாவி. நான் போன்ல அளவைக் காட்டினன், அவர் மலைவேம்புப் பலகையில வடிவாச் செய்து தந்தார், மூலையெல்லாம் பொருத்துப் போட்டு, ஒரு ஆணி வெளியில தெரியா. அளவுதான் பிழை. அது மெலிஃபெராட அளவு, வதை கட்டத் தொங்கவிடுற மரச்சட்டம், சட்டத்துக்குச் சட்டம் நடுவுக்கு நடு 35 மில்லிமீற்றர். நம்மட தேனீக்கு ஒண்டேகால் அங்குலம் காணும், அதாவது 32க்குக் கிட்ட. மூணு மில்லிமீற்றர்ல என்ன இருக்கு எண்டு நினைப்பீங்க, நானும் அப்பிடித்தான் நினைச்சன். தேனீ தனக்கு நடக்கத் தேவையான சந்து எவ்வளவு எண்டு அச்சொட்டாத் தெரிஞ்ச சாதி, அதவிடக் கூடக் கிடந்தா அந்த இடத்தை வீணா விடாது, குறுக்கால வதை கட்டி நிரப்பிரும். என்ட பெட்டியில ரெண்டாம் மாசமே சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல பாலம் பாலமாக் கட்டிட்டுது. ஒரு சட்டத்தைத் தூக்கினா பக்கத்துச் சட்டத்து வதை பிஞ்சு வரும், புழு நசியும், தேன் ஒழுகும், ஒழுகின தேனுக்கு எறும்பு வரும்.

தேனீக்கூட்டம் எடுத்தது வயல்வட்டை ஓரத்துப் புத்து ஒண்டுல இருந்து, மே மாசக் கடைசியில, காசு குடுத்து ஒரு ஆளைக் கூட்டிப் போய். அவர் வேலையைச் சரியாத்தான் செய்தார். குஞ்சு இருந்த வதையை வெட்டி, மேல் பக்கம் மேலயே இருக்கிற மாதிரி சட்டத்தில வைச்சு வாழைநாரால கட்டி, ராணியைத் தேடிப் பிடிச்சு உள்ள விட்டு, பொழுதுபட்டு எல்லாம் அடங்கின பிறகுதான் வாசலை மூடிக் கொண்டுவந்தம். 78 சூறாவளிக்குப் பிறகு அப்பா வைச்ச தென்னையள் எங்கட வளவுல நிக்குது, அதுக்குக் கீழ நிழல்ல வைச்சன். ஜூன், யூலை நல்லா ஓடிச்சு. யூலையில ரெண்டு போத்தல் எடுத்தன். 750 மில்லிப் போத்தல்ல தேன் நிரப்பினா கிட்டத்தட்ட 1 கிலோ வரும், தண்ணியைவிடத் தேன் அவ்வளவு பாரம். ரெண்டு கிலோத் தேனை மேசையில வைச்சுப் பார்த்துக்கொண்டு இருந்த சந்தோசத்தை எழுதித் தெரியாது.

அங்க நிப்பாட்டியிருக்கணும். நிப்பாட்டல்ல. கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் வளவுக்குள்ள வந்து பெட்டியைப் பார்த்தாங்க, மாமி ஒராள் "நமக்கு ஒள்ளம் இல்லையாகா மனே" எண்டு கேட்டா (ஒள்ளம் எண்டா கொஞ்சம்), தேர் முடிஞ்ச கிழமையில நான் திரும்பவும் பெட்டியைத் திறந்து வதையில கிடந்ததெல்லாத்தையும் வெட்டிப் பிழிஞ்சன். ஒண்டரைப் போத்தல். சின்னச் சின்னப் போத்தல்ல ஊத்தி எல்லாருக்கும் குடுத்தன். மழைக்கு ஒரு மாசம்தான் இருந்திச்சு.

எங்கட பக்கத்து மழை தெரியும்தானே. ஐப்பசியில தொடங்கினா தை வரைக்கும் வாடைதான், பூ இருந்தாலும் தேன் கழுவுப்பட்டுப் போகும், தேனீ வெளிய போக ஏலாது. அந்த மூணு மாசத்துக்குச் சேத்து வைச்ச சாப்பாட்டைத்தான் நான் மாமிக்குக் குடுத்தது. சரி, சீனித்தண்ணியாவது வைச்சனா? வைக்கல்ல. சீனி குடுத்தா அது கள்ளத்தேன் எண்டு ஊர்ல ஒரு கதை, "நீயும் சீனி ஊத்தித்தான் எடுக்கிறியா" எண்டு ஆரும் கேட்டிருவாங்களோ எண்டு எனக்கு வெக்கம்.

இதுக்கு மேல இன்னொரு விசர். ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து வீடியோ எடுத்து கட்டார்ல இருக்கிற ரூம்காரப் பொடியனுகளுக்கு வாட்ஸ்அப்ல போடுறது. மழைத்தூறல்லயும் திறந்திருக்கன். ஒரு கை மூடியைத் தூக்கும், மற்றக் கை போன்.

டிசம்பர் 10. நாலு நாள் விடாமப் பெய்த மழை விட்டு வெயில் எறிச்ச காலை. பத்து மணி இருக்கும், பெட்டிக்குக் கிட்டப் போனா சத்தம் இல்ல. காதை வைச்சுக் கேட்டன். பலகைக்குள்ள எப்பவும் ஒரு இரைச்சல் இருக்கும், தூரத்தில மெசின் ஓடுற மாதிரி, அது இல்ல. திறந்தா வதை மட்டும் தொங்குது, அதுல கட்டெறும்பு சாரை சாரையா ஏறிக்கொண்டிருக்கு. எறும்புதான் கலைச்சுப்போட்டுது எண்டு நான் முடிவெடுத்தன், அண்டைக்குப் பின்னேரமே எறும்புப் பவுடர் வாங்கப் போன நான்.

காலிப் பெட்டிக்குப் போஸ்ட்மோட்டம்

பவுடர் வாங்கப்போன கடையில எங்கட விவசாயப் போதனாசிரியரைக் கண்டன். அவர் கதையைக் கேட்டுட்டு, களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில கொஞ்சப் பேர் சேர்ந்து சங்கமா நடத்துறாங்க, பெட்டியைக் கழுவாம அப்பிடியே வைச்சுட்டு அவங்களுக்கு ஒரு கோல் எடுங்க எண்டார். கழுவாம வைச்சது அந்த வருசத்தில நான் செய்த ஒரேயொரு சரியான வேலை.

மூணாம் நாள் ஒராள் மோட்டார்சைக்கிளோட குருக்கள்மடத்தில பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி அம்பிளாந்துறையில இறங்கி வந்தார். தபால் கந்தோர்ல வேலை செய்து பென்சன் எடுத்தவர், சங்கத்தில எல்லாரும் தபால் மாமா எண்டுதான் கூப்பிடுற. வந்தவர் தேத்தண்ணி கூடக் குடிக்கல்ல. எறும்பைக் காட்டினன், பார்க்கவே இல்ல. பெட்டிக்குள்ள மூக்கை வைச்சு மணந்தார், பெயின்ற் வாசம், மருந்து வாசம் ஏதாவது இருக்கா எண்டு. மறுகா ஒவ்வொரு சட்டமா எடுத்து வானத்துக்கு நேர பிடிச்சு, கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, வதைட ஓட்டைக்குள்ள பார்த்தார். நானும் பார்த்தன், எனக்கு வெறும் ஓட்டைதான் தெரிஞ்சிச்சு. அவர் அதுல கடுதாசி வாசிக்கிற மாதிரி வாசிச்சார்.

வதைட கீழ் விளிம்புல விரலை ஓட்டிக் காட்டினார். கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு போயிருந்தா கீழ கச்சான் கொட்டை (நிலக்கடலை) மாதிரி ராணிக்கூடு தொங்கும், பழைய ராணி பாதிச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போகும், மிச்சப் பாதி இங்க இருக்கும். இங்க ராணிக்கூடும் இல்ல, மிச்சமும் இல்ல. அப்ப பிரிஞ்சு போனதில்ல. அடிப்பலகையில செத்த தேனீ கிடக்கா எண்டு பார்த்தார், நாலஞ்சு கிடந்திச்சு, நாக்கு உள்ள. வயலுக்கு அடிக்கிற மருந்துல பட்டுச் செத்தா வாசல்ல குவியலாக் கிடக்கும், கனக்கத்துக்கு நாக்கு வெளிய நீட்டிக்கொண்டு இருக்கும். அதுவும் இல்ல. எறும்போ குளவியோ அடிச்சுத் திடீரெண்டு கலைச்சிருந்தா குஞ்சை விட்டுட்டு ஓடியிருக்கும், மூடின அறைக்குள்ள குஞ்சு செத்துக் கிடக்கும். நடு வதையில அவர் விரலை வைச்சார். குஞ்சு பொரிச்ச அறையள் கறுத்துப்போய்க் கிடந்திச்சு, எல்லா அறையும் திறந்து, விளிம்பு வடிவா வட்டமா. ஒரு குஞ்சு மிச்சம் இல்ல. ஒரு சொட்டுத் தேன் இல்ல. ஒரு பொட்டு மகரந்தம் இல்ல. ஒரு மூலையில மெழுகுப்பூச்சிட வெள்ளை நூல் மட்டும் தொடங்கியிருந்திச்சு.

"இது துரத்தி ஓடினதில்ல தம்பி. திட்டம் போட்டுக் குடிபெயர்ந்தது. கடைசிக் குஞ்சும் வெளிய வரும் வரைக்கும் காத்திருந்து, கிடந்த தேனை வயித்துல நிரப்பிக்கொண்டு, வெயில் எறிக்கிற நாள் பார்த்துப் போயிருக்கு. எறும்பு செத்த வீட்டுக்கு வந்த சனம், கொன்ற ஆள் இல்ல."

அப்ப எப்ப முடிவெடுத்திச்சு எண்டு கேட்டன். அவர் ஏதாவது எழுதி வைச்சிருக்கியா எண்டார். எழுதல்ல, ஆனா வீடியோ இருக்கே! ரெண்டு பேரும் விறாந்தையில இருந்து போனைப் பின்னாலிருந்து முன்னால பார்த்தம். இதுதான் இந்தக் கேஸ்ல எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்கிற இடம், ஏனெண்டா பெட்டியைக் கெடுத்ததே அந்த வீடியோதான், கடைசியில சாட்சி சொன்னதும் அதுதான்.

டிசம்பர் 5 வீடியோல மூடின அறை இங்கொண்டு அங்கொண்டு. நவம்பர் 28ல மூடின அறைதான், புழு ஒண்டும் கண்ணுல படல்ல. இன்னும் பின்னால போனா நவம்பர் 20, மாமா போனை நிப்பாட்டிப் பெருசாக்கிக் காட்டினார், அறைக்கு அடியில அரிசிக் குறுணல் மாதிரி வெள்ளையா நிமிர்ந்து நிண்டிச்சு, முட்டை. அதுக்குப் பிறகு எடுத்த எந்த வீடியோலயும் முட்டை இல்ல. வாசல்ல எடுத்ததுகள்லயும் அதே கதைதான், நவம்பர் நடுவுக்குப் பிறகு கால்ல மஞ்சள் மகரந்த உருண்டையோட வாற தேனீ ஒண்டும் இல்ல. நம்மட தேனீயில வேலைக்காரத் தேனீ முட்டையில இருந்து வெளிய வர 20 நாள் மட்டில எடுக்கும். நவம்பர் 20, டிசம்பர் 10. விரலை விட்டு எண்ணிப் பாருங்க.

சாப்பாடு குறைஞ்சா ராணிக்குக் குடுக்கிறதையும் குறைப்பாங்க, ராணி முட்டை போடுறத நிப்பாட்டும், நிப்பாட்டினா பறக்கிற அளவுக்கு உடம்பும் மெலியும். அதுதான் பயணத்துக்கு றெடியாகிற விதம். மூணு கிழமையா அது என்ட முகத்துக்கு நேர சொல்லிக்கொண்டு இருந்திருக்கு, நான் அத வீடியோ எடுத்து ஹார்ட் போட்டு அனுப்பியிருக்கன்.

சங்கம் எண்டா

நான் நினைச்சது சங்கம் எண்டா பெட்டி குடுப்பாங்க, கூட்டம் குடுப்பாங்க எண்டு. அப்பிடி இல்ல. 14 பேர், பௌர்ணமிப் போயா லீவுல ஒராள்ட வளவுல கூடுற, மாசம் 200 ரூபா. பொதுச் சொத்து எண்டு தேன் சுத்துற மெசின் ஒண்டு, புகைக்குழல் ரெண்டு, முகவலைத் தொப்பி நாலு, தேன்ல தண்ணி எவ்வளவு எண்டு பார்க்கிற ரிஃப்ராக்டோமீற்றர் ஒண்டு. பண்டாரவளை பிந்துனுவெவவில இருக்கிற விவசாயத் திணைக்களத்துத் தேனீப் பிரிவுல போய்ப் பயிற்சி எடுத்துட்டு வந்தவங்க ரெண்டு பேர் இருக்காங்க, அடிப்படையெல்லாம் அங்க கிடைச்சதுதான், ஆனா அவங்களே சொல்றது, அங்க மலை, குளிர், யூக்கலிப்டஸ் பூ, எங்கட பக்கம் தென்னை, கண்டல், வேம்பு, கஜு, பெட்டி ஒண்டெண்டாலும் கலண்டர் வேற. அந்தக் கலண்டரை இவங்க தங்கட கையால எழுதியிருக்காங்க. ஆள் ஆளுக்கு ஒரு சீஆர் கொப்பி, எந்த மரம் எப்ப பூத்திச்சு, எந்தக் கிழமை பெட்டி பாரமா இருந்திச்சு, எப்ப மெலிஞ்சிச்சு. புத்தகத்தில இது கிடைக்காது, காசுக்கும் கிடைக்காது.

ஒரு விதி வைச்சிருக்காங்க. புதுசா வாற ஆள் மற்றவங்கட பெட்டியை 5 தரம் கூட நிண்டு பார்த்த பிறகுதான் தேனீக்கூட்டம் கிடைக்கும். எனக்கு முதல்ல கோவம், பெட்டி காலியாக் கிடக்கு, கூட்டத்தைத் தாங்களேன் எண்டு. தை மாசத்தில இருந்து பங்குனி வரைக்கும் அஞ்சு வளவு திரிஞ்சன். ஒவ்வொரு இடத்திலயும் ஒண்டு ஒண்டாத்தான் ஏறிச்சு. காஞ்ச தேங்காய்ப் பொச்சைப் புகைக்குழல்ல போட்டு ரெண்டு ஊதல் காணும், கூடப் புகைச்சா கோவப்படும். கொட்டினா நகத்தால வழிச்சு விடணும், கொட்டின இடத்தில வாழைப்பழ வாசம் மாதிரி ஒண்டு வரும், அது மற்றத் தேனீக்கு அடிக்கச் சொல்ற சிக்னல், அந்த இடத்துக்கும் புகை போடணும். (கொட்டினதும் மூச்சு முட்டுது, உடம்பெல்லாம் தடிக்குது எண்டா பெட்டியை விட்டுட்டு நேர ஆசுபத்திரி, அதுல வீரம் காட்டக் கூடாது.) நாலாவது வளவுல, மூடியில ஊசித்துளை மாதிரி ஓட்டை இருக்கிற பெரிய அறையளைக் காட்டி இது வருத்தமா எண்டு கேட்டன், எல்லாரும் சிரிச்சாங்க. அது ஆண் தேனீட அறை, செரானால அப்பிடித்தான் இருக்கும். முதல் வருசம் அத வருத்தம் எண்டு நினைச்சு வெட்டி எறிஞ்ச ஆள் நான்தான் எண்டு சொல்லாமலே இருந்திட்டன்.

வரோவா உண்ணிக்கு மருந்து போடத் தேவையில்லையா எண்டும் கேட்டன், யூடியூப்ல பாதி வீடியோ அதப் பத்தித்தான். அந்த உண்ணிக்குப் பழைய வீடே செரானாதான், காலாகாலமா ஒண்டா இருந்து பழகினது, ஒண்டை ஒண்டு கடிச்சுத் துப்பரவாக்கிக் கொள்ளும், மெலிஃபெராக்குத்தான் அது யமன். அண்டைக்கு வீட்டுக்கு வந்து அந்தச் சேனல் எல்லாத்தையும் அன்சப்ஸ்கிரைப் பண்ணின.

ரெண்டாம் கூட்டம்

ஓடாவியிட்டத் திருப்பிப் போனன், ஒண்டேகால் அங்குலக் கட்டை ஒண்டைக் குடுத்து அதுக்கேத்த மாதிரி புதுச் சட்டம் அடிக்கச் சொன்னன். முதல் தந்த அளவு ஆர் தந்த எண்டு கேட்டுச் சிரிச்சார் மனுசன்.

கூட்டம் தபால் மாமாட பெட்டியில இருந்து பிரிச்சது. மார்ச் தொடக்கத்தில, ஆண் தேனீ பறக்கத் தொடங்கின பிறகு, குஞ்சோட 3 சட்டமும் ஒரு ராணிக்கூடும் வேற பெட்டியில போட்டு அவர்ட வளவுலயே விட்டம். புது ராணி வெளிய வந்து பறந்து போய் இணைஞ்சு வந்து முட்டை போடுற வரைக்கும் திறக்கக் கூடாது எண்டார். ரெண்டு கிழமைக்கு மேல. ஒவ்வொரு நாளும் கோல் எடுத்தன். "உன்னைவிட ராணிக்கு அவசரம் குறைவு" எண்டு போனை வைச்சுடுவார்.

முட்டை கண்ட பிறகு, சித்திரை வருசத்துக்கு முன்னால ஒரு விடியக்காலையில கொண்டுவந்தம். வாசலைக் கொசுவலைத் துண்டால அடைச்சு, பெட்டியைச் சாறத்தால கட்டி, முதல் பாதையில ஏத்தினம். எப்பவும் போல மோட்டார்சைக்கிளும் சைக்கிளும் சனமும். வாவிக் காத்துக்கு உள்ள இரைச்சல் ஏறி ஏறி இறங்குது. பக்கத்தில இருந்த ஆச்சி ஒராள் குனிஞ்சு காதைக் குடுத்துக் கேட்டுட்டு, "என்னகா மனே, பெட்டிக்குள்ள ரேடியோவா?" எண்டா. மாமா முகம் மாறாம "ஓம் ஆச்சி, தமிழோசை போகுது" எண்டார். சொன்ன பிறகு கொசுவலையைப் பார்த்துட்டு ஆச்சி மெல்லமா எழும்பி மற்றப் பக்கம் போயிட்டா.

ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவரலாம் எண்டா, தேனீ இடத்தை மனப்பாடம் செய்து வைச்சிருக்கிற சாதி. பக்கத்து வளவுக்கு மாத்தினா பழைய இடத்துக்கே திரும்பிப் போய்த் தேடும். வாவி கடந்து கொண்டுவந்தா பார்க்கிறதெல்லாம் புதுசு, திரும்பப் படிக்கும். வலையை எடுத்த உடனே வந்த தேனீயள் பெட்டியைப் பார்த்தபடி பின்பக்கமாப் பறந்து, எட்டுப் போட்டு, மெல்ல மெல்ல வட்டத்தைப் பெருசாக்கினது. அரை மணித்தியாலம் நானும் மாமாவும் ஒண்டும் கதைக்கல்ல.

இந்தமுறை கொப்பி. பத்து நாளைக்கு ஒருதரம்தான் திறக்கிற, பத்து நிமிசத்துக்குள்ள மூடுற, நாலே நாலு விசயம்தான் எழுதுற: முட்டை, புழு, மகரந்தம், தேன். மற்ற நாள்ல வாசலை மட்டும் பார்க்கிற. வாசல்லயே முக்கால்வாசி தெரியும் எண்டது நான் நம்பாத விசயம், இப்ப நம்புறன். கால்ல மகரந்தம் வந்தா உள்ள புழு இருக்கு எண்டு அர்த்தம். கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற மதியத்தில வாசலுக்கு வெளிய தாடி மாதிரித் தொங்கினா சூடு, கிடுகு ஒண்டை மேல போட்டு, தட்டுல தண்ணி வைச்சு, நிண்டு குடிக்கப் பொச்சுத் துண்டும் போட்டு வைக்கணும், இல்லாட்டி பக்கத்து வீட்டுத் துரவடியிலதான் போய்க் குடிக்கும், மறுகா சண்டை. கால் நாலையும் பழைய ஒயில் ஊத்தின சிரட்டையில வைச்சன், எறும்புக்கு அது காணும், பவுடர் இன்னும் அப்பிடியே கிடக்கு. ஒருநாள் பெரிய குளவி ஒண்டு வாசலுக்கு முன்னால வந்து நிண்டிச்சு, வாசல்ல நிண்ட தேனீயெல்லாம் ஒரே நேரத்தில உடம்பை உதறினது, அலை அடிக்கிற மாதிரி. குளவி போயிட்டுது. நான் போனை எடுக்கல்ல!

சிறுபோகத்துக்கு மருந்தடிக்கிற ஆள்கிட்டப் போய்க் கதைச்சன், காலையில அடிக்கிறத பின்னேரம் அடிக்க ஏலுமா எண்டு. முதல்ல சிரிச்சார், ஒரு போத்தல் தேன் பேசினன், சரியாச்சு. இன்னும் சில பேர் வந்து யானைக்காகவா பெட்டி வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டாங்க, எங்கட பக்கம் யானைக் கரைச்சல் தெரியும்தானே. கென்யாவில லூசி கிங் எண்டவ வேலியில தேனீப்பெட்டி தொங்கவிட்டு யானையைத் தடுக்கிற முறையைக் கொண்டுவந்தவ, இலங்கையிலயும் அதப் பரிசோதிச்சிருக்காங்க. ஆனா ஆபிரிக்காத் தேனீட கோவம் நம்மட செரானாட்ட இல்ல. ஒரு பெட்டியை வைச்சு யானையைத் தடுக்கலாம் எண்டு ஆரும் நம்ப வேணாம்.

கண்ணகை அம்மன் சடங்கு முடிஞ்சு ரெண்டு கிழமையில பெட்டியைத் தூக்கிப் பார்த்தா பாரம். வதையில முக்கால் பங்குக்கு மேல மெழுகால மூடின பிறகுதான் எடுக்கலாம் எண்டு சங்கத்துக் கண்டிப்பு, மூடாத தேன்ல தண்ணி கூட, புளிச்சு நுரைச்சுப் போகும். மெசின்ல சுத்தினதால வதை உடையல்ல, வெறும் வதையைத் திருப்பிக் குடுத்தம், அதுக்குத் திரும்ப மெழுகு சுரக்கிற வேலை மிச்சம். 3 போத்தல். மீற்றர்ல தண்ணி 21 வீதம் காட்டிச்சு, எங்கட காத்து ஈரத்துக்கு அது பரவாயில்ல, கெதியா விக்கச் சொன்னாங்க. அம்மா நெருப்புக்குச்சியோட வந்தா. மாமா தடிப்பமாக் காய்ச்சின சீனிப்பாகு கொஞ்சத்தை எடுத்து அதுலயும் குச்சியைத் தோய்ச்சு உரசினார், பத்திச்சு. அம்மா ஒண்டும் சொல்லாம உள்ள போயிட்டா, இத்தனை வருசமா எத்தனை பேரை ஏசியிருப்பா.

தேருக்குச் சொந்தக்காரர் வந்தாங்க. அந்த மாமியும் வந்தா. முன்ன எடுத்த தேன்ல ஒரு சின்னப் போத்தலைக் குடுத்தன், பெட்டியைத் தொடல்ல.

நவம்பர்

ஐப்பசிக்கு முதல் பெட்டியைச் சுருக்கினம். வெறும் சட்டங்களை எடுத்து 4 சட்டமாக்கினம், தேனீ மூடி நிக்க ஏலாத வதையிலதான் மெழுகுப்பூச்சி குடியேறும். மழைத்தண்ணி உள்ள நிக்காம முன்பக்கம் ஒள்ளம் சரிச்சு, மேல தகரம். சீனித்தண்ணி, சீனியும் தண்ணியும் சரிக்குச் சரி, ஜாம் போத்தல் மூடியில ஆணியால சின்ன ஓட்டை போட்டு உள்ளுக்குக் கவிழ்த்து வைக்கிற, பொழுதுபட்ட பிறகு மட்டும், விடியக்குள்ள முடியிற அளவு மட்டும். பகல்ல வைச்சா, வெளிய சிந்தினா, வேற கூட்டம் களவெடுக்க வரும். கள்ளத்தேன் கதைக்கும் மாமா பதில் வைச்சிருந்தார்: நாங்க தேன் எடுக்கிற மாசத்தில சீனி குடுத்தாத்தான் களவு, மழையில குடுக்கிறது அதுட சோறு, நாங்க எடுத்துக்கொண்டதுக்குப் பதிலாக் குடுக்கிறது.

அப்பிடியிருந்தும் நவம்பர் 17, கொப்பியில எழுதினது: புழு கொஞ்சம், மகரந்தம் இல்ல, தேன் ஒள்ளம், முட்டை இல்ல.

முட்டை இல்ல எண்டு எழுதக்குள்ள கை நடுங்கிச்சு எண்டு சொன்னாச் சிரிப்பீங்க. சீனித்தண்ணி பசிக்குச் சரி, ஆனா குஞ்சு வளர்க்கிறதுக்கு மகரந்தம் வேணும், அது சீனியில இல்ல, மழையில அது வரல்ல. போன வருசம் இந்த இடத்தில நான் போனைத் தூக்கி வீடியோ எடுத்தன். இந்த வருசம் கோல் எடுத்தன். மறுநாள் மழை, பாதை ஓடல்ல, மாமா மண்முனைப் பாலத்தால சுத்தி வந்தார், கூடச் சங்கத்துத் தங்கச்சி ஒராளும், மடியில ரெண்டு துவாயால சுத்தின ஒரு பெட்டி. அதுக்குள்ள அவட கூட்டத்தில இருந்து எடுத்த ஒரு சட்டம், மூடின குஞ்சு நிறைய, தேனீ எல்லாத்தையும் உதறி விட்டுட்டு வெறும் குஞ்சுச் சட்டம் மட்டும். மழை விட்ட ரெண்டு நிமிசத்தில அத நடுவுல இறக்கி மூடினம். அவங்க இத அடகு வைக்கிறது எண்டு சொல்றாங்க. உள்ள குஞ்சு இருக்கிற வரைக்கும் கிளம்ப யோசிக்கும், அந்தக் குஞ்சு வெளிய வந்தா வேலைக்கு ஆளும் கூடும். எல்லாத் தரமும் இது பிடிக்கும் எண்டில்ல, அதே கிழமையில ஏறாவூர்ப் பக்கத்தில ஒரு மெம்பர்ட பெட்டி அடகு வைச்சும் போயிட்டுது.

என்ட பெட்டி நிண்டுச்சு. நவம்பர் 29, வெயில், முருங்கை பூத்திருந்திச்சு, வாசல்ல வெள்ளை மஞ்சளா உருண்டையோட ஒண்டு வந்து இறங்கிச்சு, மறுகா இன்னொண்டு. பதினேழு எண்ணினன். டிசம்பர் 2ல திறந்தம், முட்டை.

செலவுக் கணக்குப் பார்த்தா இன்னும் நட்டம்தான். ரெண்டு வருசத்தில ஆறரைப் போத்தல், அதுல வித்தது ரெண்டு, மிச்சம் சொந்தம், மருந்தடிக்கிற ஆள், ஓடாவி. ஒரு பெட்டியில சீவிக்கலாம் எண்டு ஆராச்சும் சொன்னா அவர் பெட்டி விக்கிற ஆளாத்தான் இருக்கும். நாலு பெட்டிக்குப் போகணும் எண்டு நினைக்கிறன், அதுக்கு மேல இப்ப யோசனை இல்ல.

சங்கத்துக்கு ஒரு கடன் இருக்கு. கூட்டம் எடுத்த ஆள் அடுத்த பங்குனியில பிரிச்சு 3 சட்டம் திருப்பிக் குடுக்கணும், தந்த ஆளுக்கு இல்ல, அடுத்து வாற ஆளுக்கு. சீட்டுக் குலுக்கியாச்சு, கரடியனாற்றுப் பக்கத்து ஒரு தம்பிக்கு விழுந்திருக்கு. நாலு தரம் வந்து என்ட பெட்டியைப் பார்த்திட்டான், ஒவ்வொரு தரமும் போனை வெளிய எடுக்கிறான், நான் வாங்கி விறாந்தையில வைச்சிட்டு சீஆர் கொப்பியைக் கையில குடுக்கிறன். அஞ்சாவது வாற போயாவுக்கு.